பதினைந்து நாள் அவுட்கோயிங் இல்லை

மே 3, ஞாயிறு

கூட்டம் முடிந்து இப்போதுதான் மேலே ஏறி வந்தேன். எங்கள் பிளாக்கின் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சாக்கு விரித்து உட்கார்ந்து பேசினோம். எங்கள் வீட்டு வேலைப் பெண்கள் சங்கத்தில் அறுபத்தோரு பேர். இன்று வந்தது முப்பத்தெட்டு. செயலாளர் என்பதால் நான் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான், அதனால்தான் செயலாளர்.

முடிவு: 18ஆம் தேதி திங்கட்கிழமை கண்ணாடி பில்டிங்குக்கு யாரும் வேலைக்குப் போவதில்லை. அதன் பெயர் இங்கிலீஷில் நீளமாக இருக்கும். எங்களுக்கு அது கண்ணாடி பில்டிங். நாலு டவர், இருநூறு வீடு. அங்கே வீட்டு வேலை செய்கிற எங்களுக்கு டாய்லெட் கிடையாது. வீட்டுக்காரர்களின் டாய்லெட்டைக் கழுவலாம், போகக் கூடாது. பி டவர் பேஸ்மென்ட்டில் இரண்டு கட்டி, டைல்ஸ் ஒட்டி, பூட்டி வைத்திருக்கிறார்கள். மூன்று மனு கொடுத்தாகிவிட்டது. அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்கிறோம். வேறொன்றும் இல்லை.

முதலில் கை தூக்கியது அமுலு. என் எதிர்வீடு. பன்னிரண்டு வருஷமாக ஒரே பஸ்ஸில் போகிறோம்.

வராத இருபத்து மூன்று பேருக்கும் நான்தான் போன் செய்து சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் வேண்டாம் என்று முடிவு. பாதிப் பேரிடம் பட்டன் போன். அதோடு, போன தடவை குரூப்பில் போட்டது ஒரு மணி நேரத்தில் பில்டிங் மேனேஜர் பிரதாப்பிடம் போய்விட்டது.

தரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்ததில் இடுப்பு வலி.

மே 4, திங்கள்

இருபது பேருக்குப் பேசிவிட்டேன். தொண்டை கட்டிவிட்டது. கூட்டத்துக்குக் கூப்பிட்டபோதும் இப்படித்தான், ஒரே நாளில் அறுபது கால். ஒவ்வொருத்திக்கும் ஒரு பயம். “மேடம் நல்லவங்கக்கா, அவங்க முகத்துல எப்புடி முழிக்கிறது?” என்கிறாள் ஒருத்தி. “நீ முழிக்க வேணாம், அன்னிக்கி போகவே வேணாம்னுதான சொல்றேன்” என்றேன். சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் கேட்டில் பிரதாப் சார் நின்றிருந்தார். “கோமளாவுக்குப் போன்ல ரொம்ப வேலை போல” என்றார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 5, செவ்வாய்

மதியத்திலிருந்து போன் போகவில்லை. யாருக்குப் போட்டாலும் இந்த எண்ணின் வெளியழைப்பு சேவை நிறுத்தப்பட்டுள்ளது என்று ஒரு பொம்பளைக் குரல். ரீசார்ஜ் 22ஆம் தேதி வரை இருக்கிறது. அணைத்துப் போட்டேன். சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். அதே குரல்.

ஆனால் ராத்திரி என் மகள் ஜான்சி அரக்கோணத்திலிருந்து கூப்பிட்டாள், பேச முடிந்தது. குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறதாம். “உன் குரல் ஏம்மா ஒரு மாதிரி இருக்கு?” என்றாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அதுவும் உண்மைதான்.

மே 6, புதன்

இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்திருந்தது. நான் வேலை செய்யும் 1104ஆம் நம்பர் வீட்டில் ரேகா மேடத்திடம் காட்டினேன். “உன் நம்பர் மேல யாரோ கம்ப்ளைண்ட் பண்ணிருக்காங்க கோமளா, அதனால அவுட்கோயிங் நிறுத்திட்டாங்க. கம்பெனி ஷோரூம்ல போய்க் கேளு” என்றார்.

வேலை முடித்துச் சோழிங்கநல்லூர் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் நல்லவள். உட்காரச் சொன்னாள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“உங்க நம்பர் மேல அஞ்சு புகார் வந்திருக்கும்மா. வேண்டாத விளம்பரக் கால் பண்றீங்கன்னு.”

“நான் இன்னா வித்தேன்?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஒரே நாள்ல அறுபது பேருக்குப் பேசியிருக்கீங்க. எல்லாம் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். விளம்பரம் பண்றவங்க அப்படித்தான் பேசுவாங்க. பத்து நாளுக்குள்ள அஞ்சு பேர் புகார் குடுத்தா பதினஞ்சு நாள் அவுட்கோயிங் கிடையாது. கால், மெசேஜ் ரெண்டும் போகாது.”

“அந்த அஞ்சு பேரு யாரு?”

“அது எங்களுக்கே தெரியாதும்மா.”

வேறு சிம் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். என் ஆதாரில் எது வாங்கினாலும் அதுவும் நிற்கும் என்றாள். மேல்முறையீடு செய்யலாமாம். அங்கேயே உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்தேன். நான் எதையும் விற்கவில்லை, எங்கள் சங்கத்தாரிடம்தான் பேசினேன், அறுபத்தோரு பேரின் பெயரும் தருகிறேன் என்று. வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “பதில் வர நாளாகும்மா. ஜாக்கிரதை. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஒரு வருஷத்துக்குக் கட் பண்ணிருவாங்க.”

அவளுடைய டாய்லெட் எங்கே என்று கேட்கத் தோன்றியது. கேட்டேன். உள்ளே காட்டினாள். போய்விட்டு வந்தேன். போகும்போது எரிச்சல்.

மே 7, வியாழன்

அமுலுவிடம் போன் கேட்டேன். சார்ஜ் இல்லை என்றாள்.

மே 8, வெள்ளி

போன் இல்லாவிட்டால் கால் இருக்கிறது. ஆறு மணிக்கு மேல் ஒவ்வொரு பிளாக்காக ஏறினேன். இரண்டு பிளாக்கில் ஒன்பது பேரைப் பார்த்தேன். அதில் நாலு பேர் பின்வாங்கப் பார்க்கிறார்கள். “போன் வரலியா, சங்கம் கலஞ்சி போச்சின்னு சொன்னாங்கோ” என்றாள் தேசம்மா. அவளுக்கு எழுபது வயது ஆகப்போகிறது, இன்னும் மூன்று வீடு பார்க்கிறாள். யார் சொன்னது என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாள். உட்கார வைத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

இப்படி நடந்தால் பத்து நாளில் முடியாது.

திரும்பும்போது குளிர் நடுக்கம். பகலெல்லாம் வெயிலில் அலைந்தால் இப்படி ஆகும். காலையில் அரை டம்ளர் காபி, பிறகு வீடு திரும்பும்வரை ஒன்றும் குடிப்பதில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம். எல்லோருக்கும் அதே பழக்கம்தான்.

மே 10, ஞாயிறு

காலையில் துணி துவைத்துக்கொண்டே யோசித்தேன். அடைத்தது நான் பேசுவதை அல்ல, நான் கூப்பிடுவதை. அவர்கள் கூப்பிட்டால் எனக்கு வருகிறதே. ஜான்சி தினமும் பேசுகிறாளே.

தண்ணீர் லாரி வந்தபோது எல்லோரும் கீழே குடத்தோடு நின்றிருந்தார்கள். அங்கேயே சொல்லிவிட்டேன். “நான் இனிமே யாரையும் கூப்ட முடியாது. நீங்கதான் என்னக் கூப்டணும். டெய்லி ஒரு தடவ. தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சொல்லுங்க.” எத்தனை நாள் தடை என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது முடியட்டும் என்று நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

மே 11, திங்கள்

பத்தொன்பது மிஸ்டு கால்!

எல்லாரும் ஒரு ரிங் விட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். அக்கா திரும்பக் கூப்பிடுவாள் என்று. இத்தனை வருஷம் அப்படியே பழகிவிட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

மே 12, செவ்வாய்

இன்று காலை பஸ்ஸில் நின்றபடியே சொன்னேன். நான் எடுக்கிற வரைக்கும் அடிக்க வேண்டும், வைக்கக் கூடாது என்று. டிரைவர்கூடச் சிரித்தார். பலன் தெரிகிறது. இருபத்தேழு பேர் பேசினார்கள். பாத்திரம் விளக்கும்போது, துணி காயப்போடும்போது, லிஃப்ட்டில். ரேகா மேடம் “என்ன கோமளா, கால் சென்டர் ஆரம்பிச்சுட்டியா?” என்றார். கோபமில்லை.

பதினொரு மணிக்குப் பிரதாப் சார் ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். ஏசி அறை. உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

“பதினெட்டாம் தேதி என்ன பண்ணப்போறீங்கன்னு எனக்குத் தெரியும்மா. தேவையில்லாம எல்லாப் பொம்பளைங்க பொழப்பையும் கெடுக்காத. இன்னும் எட்டு நாள் பேசாம இரு, போன் வந்துரும். அடுத்த தடவைன்னா ஒரு வருஷம் போயிரும், பாத்துக்கோ.”

“எட்டு நாளுன்னு உங்களுக்கு யாரு சார் சொன்னது?”

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். “பொதுவா அப்படித்தானே” என்றார்.

“நீங்க அந்தப் பூட்ட தொறந்துட்டா இன்னிக்கே எல்லாம் முடிஞ்சிச்சி சார். சாவி உங்க டேபிள்லதான இருக்கு?”

“அது கமிட்டி முடிவு. உன் கேட் பாஸை என்னால ஒரு பட்டன்ல நிறுத்த முடியும், தெரியும்ல?”

“அமுக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஐந்து பேரும் எங்களில் ஐந்து பேர். நான் பேசியது எங்கள் ஆட்களிடம் மட்டும்தான், நாள் கணக்கை யாரிடமும் சொல்லவில்லை. புகார் கொடுக்க வைத்தவர் அவராக இல்லாவிட்டால் அது அவருக்கு எப்படித் தெரியும்?

நீர்க்கடுப்பு. மோர் குடித்தால் சரியாகும்.

மே 13, புதன்

காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. படுத்துக்கொண்டே முப்பத்தொரு பேரிடம் பேசினேன்.

மதியம் அமுலு ரசம் சாதம் கொண்டுவந்தாள். தட்டை வைத்துவிட்டுப் போகாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாடி?”

“அக்கா, அந்தக் கம்ப்ளைண்ட்ல ஒண்ணு நான்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. காய்ச்சலில் வேறு ஏதோ கேட்கிறது என்று நினைத்தேன். அவள் நிறுத்தாமல் சொல்லிவிட்டாள். ஏப்ரல் மாதம் ஒரு நாள் அவளுக்கு வயிற்றுப்போக்கு. தாங்க முடியாமல் வீட்டுக்காரர்களின் கிளப் ஹவுஸ் டாய்லெட்டுக்குள் ஓடியிருக்கிறாள். அது கேமராவில் விழுந்துவிட்டது. பிரதாப் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார். வீட்டுக்காரர்கள் குரூப்பில் போடட்டுமா, இல்லை நான் சொல்வதைச் செய்கிறாயா என்று. முப்பதாம் தேதி அவளையும் இன்னும் நாலு பேரையும் ஆபீசில் உட்கார வைத்து, அவரவர் போனிலிருந்தே புகார் நம்பருக்குப் பேச வைத்திருக்கிறார். நாலு பேருக்கும் ஆளுக்கொரு மிரட்டல்.

“தெரியாம குடுக்கலக்கா. தெரிஞ்சிதான் குடுத்தேன். அந்தப் படத்த எம்மாப்ள பாத்தா...”

அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து முதல் ஆளாகக் கை தூக்கினாள்.

“போ” என்றேன். கதவைச் சாத்தினேன். ரசம் சாதத்தைத் தொடவில்லை.

மே 14, வியாழன்

சிறுநீரில் ரத்தம் போனது. அதை இனி வெயில் என்று எழுத முடியாது.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர். சின்ன வயது. சோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, “தண்ணியே குடிக்கிறதில்லையா?” என்றார்.

“வேலை செய்ற எடத்துல போக வழியில்ல.”

“எத்தனை வருஷமா?”

“பன்னெண்டு.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். “கிட்னி வரைக்கும் இன்ஃபெக்‌ஷன் ஏறியிருக்கு. அஞ்சு நாள் ஊசி போடணும். இந்த மாசம் இதே மாதிரி வந்ததுல நீங்க நாலாவது ஆள். எல்லாரும் வீட்டு வேலைதான்.”

மற்ற மூன்று பேர் யார் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஆனால் என் சீட்டில், வேலை இடத்தில் கழிப்பறை இல்லாததால் நீர் அருந்தாமல் இருந்ததே காரணமாக இருக்கலாம் என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை.

ஜான்சி கூப்பிட்டாள். துணி வாங்க வெளியே வந்திருக்கிறேன் என்றேன். பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டிருக்கும்.

மே 15, வெள்ளி

முதல் ஊசி போட்டாயிற்று.

அமுலு மறுபடி வந்தாள். போனை நீட்டினாள். “இத வச்சிக்கோக்கா. எல்லாருக்கும் இதுலருந்து பேசு. கட் பண்ணா என்னுது கட் ஆவட்டும்.”

ராத்திரி முழுக்க அவள்மேல் எரிச்சலாக இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. அவள் ஓடியதும் நான் ஓடாமல் அடக்கிக்கொண்டதும் ஒரே பூட்டினால்தான்.

“உன் போன் எனக்கு வேணாம்” என்றேன். “நீ பேசு. எல்லாருக்கும் நீயே பேசு. மொதல்ல நீ இன்னா பண்ணேன்னு சொல்லு. அப்புறம் பதினெட்டாம் தேதியப் பத்திச் சொல்லு.”

“காறித் துப்புவாங்கக்கா.”

“துப்பட்டும்.”

என் எதிரிலேயே உட்கார்ந்து முதல் காலைப் போட்டாள். தேசம்மாவுக்கு. செய்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு கிழவி கத்தியது எனக்கே கேட்டது: “அட மூதேவி, நானும் போன வருசம் ஒருவாட்டி அங்கதான்டி போனேன்!” அமுலு அழுதாள், சிரித்தாள், அடுத்த நம்பரைப் போட்டாள்.

ஐந்தோடு நிறுத்தச் சொன்னேன். மொத்தமாகப் பேசினால்தானே விளம்பரம்? ஒருத்தி ஐந்து பேருக்கு. அந்த ஐந்தில் ஒவ்வொருத்தியும் இன்னும் சில பேருக்கு. யார் போனையும் யாரும் அடைக்க முடியாது.

மே 17, ஞாயிறு

கேட் பாஸ் ஆப்பில் எல்லோருக்கும் தகவல் வந்திருக்கிறது. நாளை வராதவர்களின் அனுமதி ரத்தாகும் என்று. காலையிலிருந்து போன் ஓயவில்லை. என்னையும் சேர்த்து ஐம்பத்து நாலு பேர் போவதில்லை என்று உறுதியாகிவிட்டது. ஏழு பேர் போகிறார்கள். அவர்களுக்கு வீட்டில் என்னென்ன நிலைமையோ. திட்டவில்லை.

மே 18, திங்கள்

ஊசி போட்டுக்கொண்டு நேராகப் போனேன். ஏழரை மணிக்கு கண்ணாடி பில்டிங்குக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஐம்பத்திரண்டு பேர். கோஷம் போடவில்லை, கொடி இல்லை. சும்மா நின்றோம். எட்டரைக்குக் குழந்தைகளை ஸ்கூல் வேனில் ஏற்ற வந்த அம்மாக்கள் எங்களைப் பார்த்தார்கள். ஒன்பதரைக்கு ஆபீஸ் போகிறவர்கள் கார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். பத்து மணிக்குக் குடியிருப்போர் கமிட்டித் தலைவர் இறங்கி வந்தார். கூடவே பிரதாப், ஏழெட்டு வீட்டுக்காரர்கள், ரேகா மேடம்.

தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பேசித் தீர்த்திருக்கலாமே.”

“மூணு மனு குடுத்தோம் சார்.” தேதிகளைச் சொன்னேன். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு ரேகா மேடத்திடம் நீட்டினார். மேடத்தின் முகம் மாறிவிட்டது.

“கோமளா, எங்க வீட்டுலயே போயிருக்கலாமே. நீ கேட்டிருக்கலாமே.”

“உங்க வீட்டுல ஆறு வருஷமா நான் கேக்கல மேடம். நீங்களும் சொல்லல.”

அப்போது பிரதாப், “சார், இதுங்க பேச்சக் கேக்காதீங்க. கிளப் ஹவுஸ்ல திருட்டுத்தனமா நுழையறவங்க இவங்க. என்கிட்ட வீடியோவே இருக்கு” என்றார்.

அமுலு முன்னால் வந்தாள்.

“அது நான்தான் சார். வயித்தால போச்சு, ஓடினேன். அந்தப் படத்த வச்சிகினு என்ன மெரட்டி, கோமளாக்கா நம்பர் மேல பொய்ப் புகார் குடுக்க வச்சாரு. இந்தா, இங்கியே போடச் சொல்லுங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

அவள் பின்னால் இன்னொருத்தி கை தூக்கினாள். என்னையும் குடுக்கச் சொன்னார் என்று. பிறகு இன்னொருத்தி. அந்த ஐந்து பேரில் நாலு பேர் அங்கே நின்றிருந்தார்கள். பிரதாப் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டுக்குள் போய்விட்டார்.

தலைவர் அரை மணி நேரம் உள்ளே பேசிவிட்டு வந்தார். நாளை காலை திறக்கிறோம், யாருடைய பாஸும் ரத்தாகாது, ஒருத்தியைத் தவிர. வெளியே கூட்டம் சேர்த்ததற்காக எனக்கு மட்டும் அனுமதி இல்லை. கமிட்டியில் அதற்குத்தான் ஒத்துக்கொண்டார்களாம்.

“அப்ப நாங்களும் போகல” என்றாள் அமுலு. எல்லோரும் சத்தம் போட்டார்கள். நான் யோசித்தேன். நாளை இதே ஐம்பத்திரண்டு பேர் நிற்பார்களா? தேசம்மா கால் வீங்கி பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“பூட்டு தொறக்குதா பாருங்க. தொறந்தா உள்ள போங்க. நான் என் வழிய பாத்துக்கறேன்” என்றேன்.

வீரமாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மே 19, செவ்வாய்

எட்டு பத்துக்கு அமுலுவின் கால்.

“அக்கா, தொறந்துட்டாங்கோ! தண்ணி வருது. தாப்பாள் நல்லா வுழுது. பக்கெட்டு, மக்கு எல்லாம் கீது.”

“எங்கருந்துடி பேசற?”

“உள்ளருந்துதான். வெளிய பத்து பேரு க்யூல நிக்கறாங்கோ, கதவ ஒடைக்கறாங்கோ.”

கடைசி ஊசி போட்டுக்கொண்டேன்.

மே 20, புதன்

போன் போகிறது. மேல்முறையீட்டுக்கு இன்னும் பதில் இல்லை. ஜான்சியைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரி, ரத்தம், வேலை போனது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “இதுக்கு முன்னாடி எத்தன தடவம்மா எங்கிட்ட பொய் சொல்லிருக்க?”

மே 23, சனி

ரேகா மேடம் சொல்லி, எதிர் வரிசையில் இருக்கும் வேறொரு குடியிருப்பில் இரண்டு வீடு கிடைத்தது. புதிய கட்டடம், புதிய கேட், புதிய பாஸ். மதியம் படிக்கட்டின் கீழே ஒரு பெண் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெயர் பேபி. முப்பது வயது இருக்கும். கூட உட்கார்ந்தேன்.

“இங்க டாய்லெட் எங்க?”

“எங்க கீது? பஸ் ஸ்டாப்பு ஓட்டல்ல வுடுவாங்கோ. அதுவும் டீ குடிச்சாத்தான். இல்லாங்காட்டி வூட்டுக்குப் போய்தான்.”

“இங்க எத்தன பேரு வேல செய்றீங்க?”

“நாப்பது இருக்கும்க்கா. ஏன்?”

டைரியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பேனாவை எடுத்தேன். “உன் நம்பர் சொல்லு.”

அவள் கையிலிருந்த சோற்றை டப்பாவிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். எட்டு எண் சொன்னதும் நிறுத்தினாள்.

“மேனேஜருக்குத் தெரிஞ்சா?”

“தெரியட்டும்” என்றேன்.

மீதி இரண்டையும் சொன்னாள்.